ஆறு வேலைச் சட்டைகள்

அம்மா வேலைச் சட்டையோடு வீட்டுக்குள் வந்து நான் பார்த்ததே இல்லை. தேயிலை எஸ்டேட்டில் வரிசையாகக் கட்டிய எங்கள் லயத்து வீடுகளில் பெண்கள் எல்லாருமே அப்படித்தான். கொழுந்தை எடை போட்டு முடித்துத் திரும்பியதும் பொதுக்குழாயடியில் நின்று முதலில் இடுப்புப் படங்கை அவிழ்ப்பார்கள். பிறகு சேலைக்கு மேலே போட்டிருக்கும் ஆம்பிளைச் சட்டையைக் கழற்றுவார்கள். இரண்டையும் சுருட்டி வெளிச்சுவர் ஆணியில் மாட்டிவிட்டு, கை கால் முகம் கழுவி, சேலையை உதறிச் சரிசெய்துகொண்ட பிறகுதான் வாசற்படி ஏறுவார்கள். கோத்தகிரி பஸ்ஸைப் பிடிக்க எவ்வளவு அவசரம் என்றாலும் அந்தச் சட்டையோடு யாரும் பஸ் ஏறியதில்லை. அது அவர்களுக்கு உடுப்பே அல்ல. கூடை, கொழுந்து வெட்டும் கத்தரி மாதிரி அதுவும் ஒரு சாமான்.

படங்கு என்பது சேலை கிழியாமல் இருக்க இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் சாக்கு. சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள் அங்கிருந்து கொண்டுவந்த பெயர் அது. இப்போது பாதிப் பேர் தார்ப்பாய்த் துண்டுதான் கட்டுகிறார்கள். பெயர் மட்டும் மாறவில்லை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கோயம்புத்தூரில் ஆடை வடிவமைப்புப் படிக்கச் சேர்ந்தபோது, "டெய்லர் வேலை பழக மூணு வருசமா?" என்று லயத்தில் கேட்டார்கள். பதில் சொல்லவே எனக்குப் பிடிக்கவில்லை. கல்லூரியில், அம்மா எஸ்டேட்டில் வேலை செய்கிறார் என்று மட்டும் சொல்லியிருந்தேன். ஆபீஸ் வேலை என்று நினைத்துக்கொண்டவர்களை இரண்டு வருடம் நான் திருத்தவில்லை.

கடைசி வருடம் ஒவ்வொருவரும் ஆறு உடைகள் கொண்ட ஒரு கலெக்ஷன் செய்தாக வேண்டும். எங்கள் மேடம் கொடுத்த தலைப்பு பெண்மை. "பெண்மைன்னா பூ, பட்டு, கொடியிடைன்னு எல்லாரும் சொல்லிட்டாங்க. உங்க துணி வேற ஏதாவது சொல்லணும்," என்றார். வகுப்பில் ஒருத்தி கல்யாணப் புடவையில் கோட்டுக் காலர் வைக்கப் போவதாகச் சொன்னாள். இன்னொருத்தி போலீஸ் சீருடையில் லேஸ் வைப்பதாகச் சொன்னாள். என் முறை வந்தபோது என்னிடம் ஒன்றுமே இல்லை. கைபேசியில் எதையோ தேடுகிற மாதிரி தள்ளிக்கொண்டே போனதில், பொங்கல் லீவில் எடுத்த ஒரு படம் வந்தது. எடை போட வரிசையில் நிற்கும் அம்மா. அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டை, படங்கு, தலைத்துண்டு, முதுகில் நிறைந்த பை.

மேடம் கைபேசியை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கினார். கையோரத்தையும் வயிற்றுப் பக்கத்தையும் விரலால் நகர்த்தி நகர்த்திப் பார்த்தார்.

"இது என்ன பெயின்ட்டா?"

"கொழுந்துக் கறை மேடம்."

கொழுந்தின் சாறு துணியில் பட்டவுடன் தெரியாது. காற்றுப் பட்டுப் பழுப்பாகும். நாளாக நாளாக அதன்மேல் அது ஏறிக் கறுத்துப்போகும். எங்கே இலை உரசுகிறதோ, எங்கே கை துடைக்கிறார்களோ அங்கெல்லாம் ஒவ்வொருவர் சட்டையிலும் ஒவ்வொரு விதமாக இறங்கியிருக்கும். நான் பேசப் பேச மேடம் எழுதிக்கொண்டே வந்தார். நான் ஒரு விஷயத்தைச் சொல்ல மற்றவர்கள் குறிப்பெடுத்தது அதுதான் முதல்முறை.

"இந்தக் கறைதான் உன் கலெக்ஷன்," என்றார் கடைசியில். "சாயம் போடாத. பிரிண்ட் பண்ணாத. அவங்க போட்ட துணியே வேணும். அதை வெட்டி, சேர்த்து, ஆறு டிரெஸ் பண்ணு. இது மேடைக்கு வந்தா பெரிசா பேசுவாங்க."

வகுப்பில் இருபதுக்கு மேல் இருந்தோம். எட்டுப் பேரின் உடைகள் மட்டுமே ஆண்டுவிழா மேடைக்குப் போகும். மேடைக்குப் போகிறவர்களின் வீட்டாருக்கு முன்வரிசையில் இடம் உண்டு. அந்த முன்வரிசையில் எங்கள் லயத்துப் பெண்கள் ஆறு பேரை உட்கார வைத்துவிட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். இரண்டு வருடம் மறைத்ததற்கு அது போதும் என்று நினைத்தேன்.

அந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போய்க் குழாயடியில் விஷயத்தைச் சொன்னேன். அம்மாவின் செட்டில் அம்மாவோடு சேர்த்து ஆறு பேர். பக்கத்து வீட்டுப் பெரியம்மா வாயாடி.

"என்னா புள்ள, உன் காலேஜுல சட்டைக்குப் பஞ்சமா?"

"பழசுதான் வேணும் பெரியம்மா. நீங்க வேலைக்குப் போடுறது. அதுக்குப் பதிலா புதுச்சட்டை வாங்கிட்டு வந்திருக்கேன்."

"என் சட்டைய மேடையில காட்டினா, முன்னாடி இருக்குற சனம் எந்திரிச்சு ஓடிரும்டி. அந்த நாத்தத்துக்கு எங்க வீட்டு நாயே கிட்ட வராது."

எல்லாரும் சிரித்தார்கள். கடைசி வீட்டு அத்தை மட்டும் சிரிக்காமல் கேட்டார். அவர் அன்னூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணம் முடித்து எஸ்டேட்டுக்கு வந்தவர். என்னை எப்போதும் அம்மிணி என்றுதான் கூப்பிடுவார்.

"ஏனுங்க அம்மிணி, மெய்யாலுமே எங்க சட்டையத்தான் பெரியவங்க எல்லாம் பாப்பாங்களா?"

"ஆமா அத்தை. செலக்ட் ஆயிருச்சுன்னா நீங்க ஆறு பேரும் கோயம்புத்தூர் வரணும். முன்னாடி வரிசையில உங்களுக்குச் சீட்டு."

"அப்ப எப்பத் தரணும்?"

இங்கேதான் நான் தவறிவிட்டேன். துவைக்காதீர்கள் என்று சொல்ல வேண்டும் என்று தெரிந்துதான் இருந்தது. பஸ்ஸில் வரும்போதே அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். ஆனால் அந்தக் குழாயடியில், கழற்றிய சட்டையை முதுகுப்பக்கம் சுருட்டி மறைத்துக்கொண்டு நின்றவர்களிடம் அந்த வார்த்தை வரவில்லை. "சிரமப்படாதீங்க. இருக்கறது இருக்கறபடியே குடுங்க, அடுத்த ஞாயித்துக்கிழமை வந்து வாங்கிக்கிறேன்," என்றேன். அவர்கள் தலையாட்டினார்கள். விருந்துக்கு வந்தவர் ஒன்றும் வேண்டாம் என்று சொன்னால் எங்கள் ஊரில் யார் அடுப்பை அணைப்பார்கள்?

அடுத்த ஞாயிறு மதியம் நான் போய் இறங்கியபோது மலை முழுக்கப் பனிமூட்டம். நாலு நாளாக வெயில் இல்லை என்றார்கள். வீட்டில் கட்டிலின் மேல் புதுப் போர்வையை விரித்து, அதன்மேல் ஆறு பொட்டலங்கள் வைத்திருந்தார்கள். செய்தித்தாளில் சுற்றி நூல் கட்டிய பொட்டலங்கள். ஆறு பேரும் வீட்டுக்குள் நின்றிருந்தார்கள்.

முதல் பொட்டலத்தைப் பிரித்தேன். அப்பாவின் சட்டை. வாங்கியபோது அது நீலம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. கஞ்சி போட்டிருந்தது. மடிப்பு நேர்கோடாக நின்றது. விட்டுப்போன இரண்டு பொத்தான்களுக்குப் பதில் புதுப் பொத்தான். முதுகில் பை உரசிக் கிழிந்த இடத்தில் அடித்துணி கொடுத்துச் சின்னச் சின்னத் தையல். முகர்ந்து பார்த்தேன். ஃபேக்டரியில் தேயிலைத் தூள் வறுபடும்போது வருமே, அந்த வாசனை.

"ஃபேக்டரி பாய்லர் ரூம்ல காயப் போட்டோம்," என்றார் பெரியம்மா. "வெயில் எங்க இருக்கு? அந்த பாய்லர்காரன் கால்ல விழாத குறை. முதலாளி பாத்தா என் வேலை போயிரும்னு குதிச்சான். எங்க புள்ள காலேஜு உடுப்புடான்னு ஒரு சத்தம் போட்டேன், அடங்கிட்டான்."

"மேஸ்திரி வீட்டுல இஸ்திரிப்பெட்டி வாங்கினோம்," என்றார் அம்மா. "கரி போட்டுத் தேய்க்கிறது. ஆறையும் நான்தான் தேய்ச்சேன்."

ஒவ்வொன்றாகப் பிரித்தேன். வெள்ளை, சாம்பல், கட்டம் போட்டது, காக்கி. சாக்குப் படங்குகள்கூடப் புது அரிசிச் சாக்கு மாதிரி வெளுத்திருந்தன. சோடா உப்புப் போட்டுக் கொதிக்க வைத்திருக்கிறார்கள். கல்லில் அடித்திருக்கிறார்கள். எலுமிச்சை, உப்பு, மறுபடி சோடா. போன ஞாயிறு சாயங்காலம் தொடங்கி, வேலை முடிந்து வந்த ஒவ்வொரு நாளும் குழாயடியில் அதே வேலை.

"என்னா புள்ள, பேச்சையே காணோம்," என்று பெரியம்மா என் தோளை இடித்தார். "இம்புட்டு வெளுப்பா வரும்னு நெனைக்கலல்ல?"

"நினைக்கல பெரியம்மா," என்றேன்.

கடைசி வீட்டு அத்தை தன் பொட்டலத்தை நான் பிரிக்கும் வரை காத்திருந்தார். பிரித்ததும் சட்டையின் வலதுகையை இழுத்துக் காட்டினார். கையோரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்பு.

"எல்லாம் போயிருச்சுங்க அம்மிணி, இது ஒண்ணு மட்டும் போகலீங்க. நானும் எலுமிச்சம்பழம் வெச்சுத் தேச்சுப் பாத்தனுங்க, உப்ப வெச்சுத் தேச்சுப் பாத்தனுங்க. இதுக்கு மேல தேச்சாத் துணி போயிரும்ன்னு உட்டுட்டேன். உள்பக்கமா மடிச்சுத் தெச்சுக்கலாமுங்களா?"

"அது இருக்கட்டும் அத்தை," என்றேன். அந்த ஆறு சட்டைகளில் எனக்கு மிஞ்சியது அந்த உள்ளங்கை அகலம்தான். ஆனால் நான் சொன்ன விதத்தில் அவர் முகம் இன்னும் சுருங்கியது. அவரைத் தேற்றுவதற்காகச் சொல்வதாக எடுத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை நான் கல்லூரிக்குப் போகவில்லை. அம்மா வேலைக்குப் போனபின் பெரிய சட்டியில் டஸ்ட் தேயிலைத் தூளைக் கொதிக்கவிட்டு, பெரியம்மாவின் வெள்ளைச் சட்டையை அதில் முக்கினேன். ஒரு மணி நேரம் கழித்து எடுத்தால் சட்டை முழுக்க ஒரே பழுப்பு. ஊட்டிக் கடைகளில் சுற்றுலாக்காரர்களுக்கு விற்கும் துணிப்பை மாதிரி இருந்தது. டிகாஷனைக் கரண்டியில் எடுத்துக் கையோரத்தில் மட்டும் ஊற்றிப் பார்த்தேன். காப்பி கொட்டின மாதிரி பரவியது. வாசலுக்கு வெளியே நாலு தேயிலைச் செடி உண்டு. பச்சை இலையைப் பறித்துக் கசக்கித் துணியில் தேய்த்தேன். கை வலித்ததுதான் மிச்சம். பல மழையும் வெயிலும் சேர்ந்து செய்த ஒன்றை ஒரு மத்தியானத்தில் செய்துவிடலாம் என்று நினைத்திருக்கிறேன்.

அம்மா சாப்பாட்டு நேரத்துக்கு வந்துவிடுவார் என்பதையே மறந்துபோனேன். வாசலில் சட்டையைக் கழற்றி உதறும் சத்தம் கேட்டது. உள்ளே வந்து சட்டியைப் பார்த்தார். சட்டியிலிருந்து தொங்கிய கையைப் பார்த்தார்.

"இது பக்கத்து வீட்டு அக்காவோட சட்டையில்ல?"

"ஆமாம்மா."

"என்னா செய்ற?"

சொன்னேன். கறை வேண்டியிருந்தது, அதற்காகத்தான் கேட்டேன், மேடம் படத்தில் பார்த்ததே கறையைத்தான் என்றெல்லாம் சொன்னேன். அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"அழுக்கோட வேணும்னு முன்னயே சொல்லியிருக்கலாமே."

"இருக்கறபடி குடுங்கன்னு சொன்னேனேம்மா."

"அப்பிடித்தான் எல்லாரும் சொல்லுவாங்க." முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, "அழுக்குச் சட்டைய வச்சு அவங்க என்னா பாப்பாங்க?" என்று கேட்டார்.

"அதுல உங்க உழைப்பு இருக்கும்மா. பொம்பளைன்னா இப்படியும் இருக்கான்னு பாப்பாங்க."

"உழைப்பு கொழுந்துல போச்சு. அது ஃபேக்டரிக்குப் போயி லாரியும் ஏறிருச்சு. இது கறை." அம்மா தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். நகக்கண்ணெல்லாம் கறுப்பு. "பொம்பளைக்கு என்னா அழகு? வேலைய முடிச்சுட்டுச் சுத்தமா வீட்டுக்குள்ள வர்றதுதான் அழகு. ஆறு பொம்பளைக ஒரு வாரமா முதுகு ஒடிய அத எடுத்திருக்கோம். நீ திரும்ப ஊத்திக்கிட்டிருக்க."

எனக்குத் தெரிந்த பதில்கள் எல்லாம் புத்தகத்தில் படித்தவை. அம்மா சாப்பிடாமல் சட்டியைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனார். வேலைக்குத் திரும்ப நேரமாகும்வரை அந்தப் பழுப்பை அலசி எடுத்தார். யாரிடமும் இதைச் சொல்லாதே என்று மட்டும் சொன்னார். யார் மானத்தைக் காப்பாற்ற என்று எனக்குத் தெரியவில்லை.

நாலு நாளில் ஆறு உடைகளையும் தைத்தேன். வேலையில் குறை வைக்கவில்லை. படங்கின் சாக்கை மடிப்பு மடிப்பாக இடுப்பில் இறக்கினேன். சட்டைத் தோள்களைப் பிரித்து அகலமான தோளாக வைத்தேன். அப்பாவின் சட்டை முதுகில் போட்டிருந்த சின்னத் தையல்களை வெளியே தெரியும்படி விட்டேன். கடைசி வீட்டு அத்தையின் கறையை ஆறாவது உடையில் வயிற்றுக்கு நேராக வைத்தேன். தைத்து முடித்துப் பார்த்தபோது எனக்குப் பிடித்திருந்தது. அதை இப்போதும் சொல்வேன்.

தேர்வு நாளன்று மேடமும் வெளியிலிருந்து வந்த இரண்டு பேரும் மேசைக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். மேடம் முதல் உடையின் கையைத் தூக்கினார். இரண்டாவதைத் திருப்பினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"கறை எங்க?"

மூன்றாவதையும் நான்காவதையும் அவரே புரட்டினார்.

"இது கடையில தொங்குற லினன் சட்டை மாதிரி இருக்கு. அழகாத்தான் இருக்கு. ஆனா அந்த போட்டோவுல இருந்த பொம்பளை இதுல எங்க?" குரலில் கோபம் இல்லை, ஏமாற்றம்தான் இருந்தது. "துவைச்சிட்டாங்களா?"

அந்தக் கேள்வியில் ஒரு சிரிப்பு ஏறத் தொடங்கியிருந்தது. பக்கத்தில் இருந்தவர் உதட்டிலும் அது தெரிந்தது. பாவம், தெரியாமல் துவைத்துவிட்டார்கள் என்று அடுத்த வாரம் வகுப்பு முழுக்கச் சொல்லப்படும் ஒரு கதையாக எங்கள் குழாயடி ஆகிவிடும். பாய்லர் ரூமையும் கரிப்பெட்டியையும் நான் சொல்லியிருந்தால் ஒருவேளை அவர்களுக்குப் புரிந்திருக்கும். அந்தச் சட்டைகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதே அதுதானோ என்று பிறகு எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன். அப்போது, "நான்தான் மேடம் துவைச்சேன்," என்றேன்.

"நீயா? ஏன்?"

"நாத்தமா இருந்துச்சு."

மேடம் பேனாவை மூடினார். வெளியிலிருந்து வந்த இன்னொருவர் ஆறாவது உடையைக் காட்டி, இந்த இடம் மட்டும் நன்றாக இருக்கிறது, இது ஒன்றுதான் ஏதோ சொல்கிறது என்றார். சாயங்காலம் பலகையில் ஒட்டிய எட்டுப் பேரில் நான் இல்லை. போலீஸ் சீருடை லேஸ் இருந்தது.

ஊருக்குப் போகும் பஸ்ஸில் ஆறு உடைகளும் என் மடியில் இருந்தன. லயத்தில் அவர்கள் ஏற்கெனவே ஆண்டுவிழா நாளுக்கு லீவு சொல்லி வைத்திருந்தார்கள். ஆறு பேரும் ஒரே நாளில் லீவு கேட்டதற்கு, "கோயம்புத்தூர்ல மாநாடா?" என்று மேஸ்திரி கேலி பேசியிருக்கிறார். யார் எந்தச் சேலை என்பதுவரை பேசி முடிந்திருந்தது.

குழாயடியிலேயே சொல்லிவிட்டேன். செலக்ட் ஆகவில்லை என்றேன். பெரியம்மா, "எதனால புள்ள?" என்று கேட்டார்.

"நிறையப் பேரு பெரியம்மா. எட்டுப் பேருக்குத்தான் இடம்."

"அதெல்லாம் ஒரு காரணமா? துணியப் பாத்து என்னா சொன்னாங்க?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு நிமிடத் தாமதம் போதுமாயிருந்தது.

"அந்தக் கைக் கறையப் பாத்துட்டாங்களா?" என்றார் பெரியம்மா. எல்லாரும் திரும்பிக் கடைசி வீட்டு அத்தையைப் பார்த்தார்கள். ஒருவரும் குறை சொல்லவில்லை. அத்தை வாளியில் பாதி நிறைந்த தண்ணீரோடு எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் ஞாயிறு காலை அவர் எங்கள் வாசலில் நின்றார். கையில் சோடா உப்புப் பொட்டலமும் பாதி எலுமிச்சம்பழமும் இருந்தன.

"அம்மிணி, அந்தச் சட்டையக் குடுங்க. இன்னொருக்காத் தேச்சுப் பாக்கறனுங்க. அடுத்த வருசம் யாருக்காவது ஆகும்."

"அத்தை, உங்க சட்டையால ஒண்ணும் ஆகல. ஆறுலயும் உங்களுதத்தான் நல்லா இருக்குன்னாங்க. அந்தக் கறை இருந்ததாலதான்."

அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு உள்ளே அடுப்படியில் இருந்த அம்மாவைப் பார்த்துச் சொன்னார்: "புள்ளைய நல்லா வளத்திருக்கீங்க. எம்மனசு நோகக்கூடாதுன்னு எப்படிப் பேசறாங்க பாருங்க."

"நெசமாத்தான் அத்தை. அவங்களுக்குக் கறைதான் வேணும். எல்லாத்தையும் வெளுத்துட்டதுதான் தப்பாப் போச்சு."

"சரிங்க அம்மிணி, சரிங்க," என்று சிரித்தார், குழந்தையிடம் சொல்வது போல. "குடுங்க, நேரமாகுது. வெயில் வந்திருக்குது."

அம்மா அடுப்படியிலிருந்து, "குடுத்துரு," என்றார்.

ஆறாவது உடையை எடுத்துக் கொடுத்தேன். அத்தை அதைத் தூக்கிப் பிடித்துத் தன் சட்டையைத் தேடினார். கை எங்கே போயிற்று என்று அவருக்குப் பிடிபடவில்லை. வயிற்றுக்கு நேராக இருந்த கறுப்பை நான் தொட்டுக் காட்டினேன். "ஐயோ, நடுவுலயே வெச்சுட்டீங்களே," என்று மெதுவாகச் சொல்லிவிட்டுக் குழாயடிக்கு நடந்தார். நானும் பின்னால் போனேன்.

நனைத்து, உப்பு வைத்து, எலுமிச்சையைப் பிழிந்து, பொறுமையாக வட்டம் வட்டமாகத் தேய்த்தார். ஒவ்வொரு தடவையும் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். மூன்றாவது தடவை ஓரங்கள் பழுப்பாகத் தொடங்கின. "பாத்தீங்களா, வருது," என்றார். அவ்வளவு சந்தோஷத்தை அந்த முகத்தில் நான் அதற்குமுன் பார்த்ததில்லை. நிறுத்துங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். எந்த வார்த்தையில் சொன்னாலும் அது மறுபடி ஒரு மரியாதைப் பேச்சாகத்தான் அவர் காதில் விழும்.

சாக்கு இடுப்பு தண்ணீர் குடித்துக் கனத்துவிட்டது. ஒரு ஆளால் பிழிய முடியாது. அவர் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மறுமுனையை என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன். அவர் ஒரு பக்கம் முறுக்க, நான் எதிர்ப்பக்கம் முறுக்கினேன்.